ஒரே நாளில் காஞ்சியா?

கேள்வி: வழிகாட்டியோடு போகும் சுற்றுலா பஸ்ஸில் ஒரே நாளில் காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் பார்த்துவிட முடியுமா? (ஒரு வாசகர், அம்பத்தூர்)

பதில்: முடியாது, ஆனால் எவற்றைப் பார்க்க மறுபடி வரவேண்டும் என்று தெரிந்துகொண்டு திரும்பலாம், டிக்கெட் பணத்துக்கு அதுவே பெரிய லாபம். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய காஞ்சி கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் 58 சிற்றாலயங்களுள் சிலவற்றில், குனிந்து தலையை உள்ளே நீட்டினாலொழிய தென்படாமல், மங்கிய வர்ணத் திட்டுகளாய் எஞ்சியிருக்கும் பல்லவர் கால ஓவியத்தை, விஷயமறிந்த ஒருவர் விரல் நீட்டிக் காட்டாவிட்டால் நம்மில் பெரும்பாலோர் வெயிலை வைதுகொண்டே கடந்துபோயிருப்போம். வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றிலோ, 12 வயதுப் பாலகன் நந்திவர்மனுக்கு ராஜ்யம் கிட்டியது உட்பட, பல்லவ வம்ச சரித்திரமே கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே அரைமணியேனும் நிற்காத பஸ்ஸில் ஏறவேண்டாம். போகிற வழியில் பூந்தமல்லி வரும்போது கண்ணயர்ந்துவிடாதீர்கள்: காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவரும், ராமாநுஜர் பெரிதும் போற்றியவருமான திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் அது. அவ்வூர் வரதராஜப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சந்நிதியும் உண்டு; அதைத் தரிசிக்க அம்பத்தூர்வாசியான உங்களுக்கு டவுன் பஸ்ஸே போதும்.