ஏரியலின் குணமும் குற்றமும்: பாராடாங்கை முன்வைத்து ஓர் ஆய்வு

யானைக்கு இலக்கணம் எழுதியிருக்கிறோம், குதிரைக்கு எழுதியிருக்கிறோம், பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்கும் எழுதியிருக்கிறோம். வீட்டில் ரேடியோ ஸ்கேனர் வைத்திருப்பவன் கூரையில் எந்தக் கம்பியை நட வேண்டும் என்பதற்கு மட்டும் தமிழில் ஒரு சூத்திரமும் இல்லை. இக்குறையைப் போக்க முன்வந்த இக்கட்டுரை, அந்தமானின் பாராடாங் தீவைக் களமாகக் கொள்கிறது. சென்னையைக் கொள்ளாததற்குக் காரணம் உண்டு. சென்னையில் குடைக்கம்பியை நட்டாலும் ஏதோ ஒன்று கேட்டுவிடும். அது கம்பியின் பெருமையா, ஊரின் இரைச்சலா என்று பிரித்தறிய வழியில்லை. எளிதில் ஒன்றும் கேட்காத ஊரே ஏரியலுக்குத் தக்க பரீட்சைக்கூடம்.

களத்தின் இயல்பு வருமாறு. தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில் கிடக்கிறது பாராடாங். போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) வருபவர், ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, போலீஸ் காவலோடு புறப்படும் வண்டித்தொடரில் சேர்ந்து, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டை நிற்காமல் கடந்து, மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் பேருந்தோடு படகேறி, நிலம்பூர் ஜெட்டியில் இறங்க வேண்டும். வருகிறவர்கள் சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். பார்க்கத்தான் வருகிறார்கள், கேட்க யாரும் வருவதில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் கேபிள் இழுத்தபோதும், அது ரங்கத்தில் கரையேறியது, லாங் தீவில் கரையேறியது. இரண்டுக்கும் பக்கத்திலிருக்கும் பாராடாங்கில் ஏறவில்லை. எனவே ஆகாயத்தை நம்புவது இத்தீவாருக்கு வழிவழி வந்த பழக்கம் எனக் கொள்க.

ஸ்கேனர் என்பது அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே தட்டிப் பார்த்து, எங்கே பேச்சு இருக்கிறதோ அங்கே நிற்கும் வானொலிப் பெட்டி. 2012 வாக்கில், கணினியில் டிவி பார்ப்பதற்காக விற்ற ஒரு மலிவான யூ.எஸ்.பி. குச்சியை இந்த வேலைக்குத் திருப்பலாம் என்று கண்டுபிடித்தார்கள். அன்றுமுதல் ஸ்கேனர் ஏழைக்கும் எட்டும் பொருளாயிற்று. குச்சியோடு விரல்நீள ஏரியல் ஒன்றையும் இனாமாகத் தருகிறார்கள். இனாமின் இலக்கணம் அதற்கு முழுதும் பொருந்தும்.

இனி முன்னோர் கொள்கைகள். இத்துறையில் நான்கு வாதங்கள் நிலவுகின்றன: நீளவாதம், திசைவாதம், பூஸ்டர்வாதம், உயரவாதம்.

நீளவாதிகள், கம்பி நீண்டால் காதும் நீளும் என்பார்கள். இவர்களுடைய பொற்காலம் சிற்றலை வானொலியின் காலம். போர்ட் பிளேர் வானொலி 4760 கிலோஹெர்ட்ஸில் ஒலித்த நாளில் அதன் அலைநீளம் 63 மீட்டர்; அதில் கால்பங்கு ஏறத்தாழ 16 மீட்டர். வாசலில் இருக்கும் தென்னைக்கும் கொல்லையில் இருக்கும் பாக்கு மரத்துக்கும் இடையே துணி காயப்போடும் கொடி அந்த நீளம்தான் வரும். அக்கொடி கம்பியாக இருந்து, இரு நுனியும் மரத்தைத் தொடாமல் பிளாஸ்டிக் துண்டில் கட்டப்பட்டிருந்தால், அது குறைவற்ற ஏரியலே. அதில் வேட்டி காய்வதால் ஒலிக்குக் குறிப்பிடத்தக்க சேதமில்லை. ஆராய்ச்சி என்ற பெயரில் வேட்டியை எடுத்துக் கீழே போட்டால் வரும் ஒலிக்கு இவ்வாய்வு பொறுப்பேற்காது. ஆனால் ஸ்கேனர் மேயும் புல்வெளி வேறு. கப்பல்கள் அழைக்கும் 156.8 மெகாஹெர்ட்ஸில் அலை 2 மீட்டருக்கும் குறைவு. கால்பங்கு 48 சென்டிமீட்டர்தான். அங்கே கொடிக்கம்பியைக் கொண்டுபோவது ஊசி கோக்கக் கடப்பாரையைத் தூக்குவது. நீளவாதம் இவ்விடத்தில் முறிந்தது.

திசைவாதிகளின் ஆயுதம் யாகி. மொட்டைமாடியில் மீன்முள்போல நின்ற பழைய டிவி ஆண்டெனாவே அது. ராமேசுவரம் முதல் நாகப்பட்டினம் வரை இலங்கை டிவியான ரூபவாஹினிக்காக அதை அத்தீவின் பக்கம் திருப்பிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 1926-இல் ஜப்பானில் ஷின்தாரோ உதாவும் ஹிதெத்சுகு யாகியும் உருவாக்கியது. உழைப்பில் பெரும்பங்கு உதாவுடையது, பெயர் யாகியுடையது. இது ஆய்வுலகில் புதிதன்று என்பதால் மேலே செல்வோம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது, நியூமன் என்ற பிரிட்டிஷ் ரேடார் ஊழியரின் குறிப்பேடு ஜப்பானியரின் கையில் சிக்கியது. அதில் 'யாகி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. என்ன மொழி, எப்படி உச்சரிப்பது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. கைதியைப் பிடித்துக் கேட்டபோது, "அது உங்கள் ஊர்ப் பேராசிரியரின் பெயர்" என்ற விடை வந்தது. அடுத்த மாதம் 23ஆம் தேதி அதே ராணுவம் அந்தமானில் இறங்கியது. ஒற்றர் என்ற சந்தேகத்திலேயே தீவுவாசிகள் பலரை வதைத்த அந்த ஆட்சியைப் பற்றிச் சிரித்து எழுத ஒன்றுமில்லை, ஆண்டெனாவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

யாகியின் குணம், ஒரு பக்கத்தை நன்றாகக் கேட்கும். அதுவே குற்றமும். பாராடாங்கில் எந்தப் பக்கம் திருப்புவது? தெற்கே திருப்பினால் போர்ட் பிளேர். நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், நடுவில் காட்டு மலைகள். மற்ற மூன்று பக்கமும் சதுப்பு, காடு, கடல். தவிர, டிவி ஆண்டெனாவின் முட்கள் படுத்திருக்கும். படகிலும் வண்டியிலும் பேசுபவர்களின் கம்பியோ நின்றிருக்கும். படுத்த கம்பி, நின்ற கம்பியின் அலையை நூறில் ஒரு பங்காகத்தான் ஏற்கும் என்பது ஏட்டுக் கணக்கு. ஆகவே பழைய யாகியை மறுபடி ஏற்றுபவர், அதை ஒருக்களித்துக் கட்டுக.

இங்கே ஓர் உள்ளூர் நுட்பம். பாராடாங்கை ஒட்டிக் கிளித்தீவு என்று ஒன்று உண்டு. மாலையானால் ஆயிரக்கணக்கான கிளிகள் அங்கே வந்தடையும். படுக்கைவாட்டில் கம்பி கண்டால் வழியில் உட்காராத பறவை எது? இதைப் பறவை அமர்வுக் குணகம் என்று இவ்வாய்வு பெயரிடுகிறது. யாகிக்கு அக்குணகம் மிக உயர்வு. ஆர்மிக் கண்டோயன் 1945-இல் காப்புரிமை பெற்ற டிஸ்கோனுக்கும் உயர்வே. மேலே தட்டும் கீழே கூம்பும் கொண்ட அந்த ஏரியல், பல அலைவரிசைகளை ஒரே கம்பத்தில் பிடிக்கும். எதையும் சிறப்பாகப் பிடிக்காது. எல்லாத் துறையிலும் கருத்துச் சொல்லும் உறவினரை ஒவ்வொரு குடும்பமும் வைத்திருப்பதால் இதை மேலும் விளக்கவில்லை. நட்டமாக நிற்கும் ஒற்றைக் கம்பிக்கு மட்டும் அமர்வுக் குணகம் சுழி.

பூஸ்டர்வாதம் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பெட்டியின் பக்கத்தில் வைத்த பூஸ்டர், கேபிள் வழியே வந்து சேர்ந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். வைப்பதானால் கம்பத்தின் உச்சியில், ஏரியலின் அடியிலேயே வைக்க வேண்டும். அதற்கு முன் வீட்டுக்குள் ஒரு சோதனை செய்க: எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க. கரகரப்பில் பாதி அங்கேதான் பிறக்கிறது. மின்சாரம் போன வேளையில் பேட்டரியில் ஓடும் பெட்டி சட்டென்று தெளிவதைக் கண்டிருக்கிறேன். கடையில் கிடைக்கும் எந்த ஃபில்டரைவிடவும் மின்வெட்டு மேலானது. அதைப் பணம் கொடுத்து வாங்கவும் வேண்டாம்.

எஞ்சியது உயரவாதம். இவ்வாய்வாளன் அந்தக் கட்சி. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால், ரேடியோவின் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். ஒன்பது மீட்டர் மூங்கிலுக்கு 12 கிலோமீட்டர். அதை இரட்டிப்பாக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும்: 36 மீட்டர். அத்தனை உயர மூங்கிலுக்குப் போவானேன், தென்னையில் கட்டலாமே என்றால், தென்னை ஆடும். ஆட ஆடக் கேபிளின் கழுத்து அறும். அறுந்ததைச் சரிசெய்ய ஏறுபவரின் கூலி ஏரியலின் விலையைத் தாண்டும்.

ஆனால் மறுமுனை உயர்ந்தால் கணக்கு மாறுகிறது. பத்தாயிரம் மீட்டரில் பறக்கும் விமானத்தின் தொடுவானம் 412 கிலோமீட்டர். ஆக, பத்துக் கிலோமீட்டர் தள்ளி மலைக்குப் பின்னால் இருப்பவர் பேசுவது பாராடாங்குக்குக் கேட்காது. வங்கக் கடலின் நடுவானில் சிங்கப்பூர் போகிறவர் பேசுவது கேட்கும். அதிலும் பாதிதான். விமானி மேலே இருப்பதால் அவர் சொல் வரும்; அவரோடு பேசும் கோபுரம் மலைக்கு அப்பால் இருப்பதால் அதன் சொல் வராது. கொள்கையளவில் சொல்கிறேன்.

கொள்கையளவில் என்றதற்குக் காரணம் சட்டம். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், பேசும் கருவி வைத்திருப்பவரை மட்டுமல்ல, கேட்கும் கருவி வைத்திருப்பவரையும் உரிமம் கேட்டது. வீட்டு ரேடியோவுக்கே தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிய காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. 1978ஆம் ஆண்டின் அமெச்சூர் வானொலி விதிகளில், வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவருக்கென்றே ஓர் உரிம வகை இருந்தது. கேட்பதும் ஒரு செயல் என்று ஒப்புக்கொண்ட அரசாங்கம் வேறெங்காவது உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது. இப்போது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. போலீஸ், ராணுவம், விமானம் ஆகியவற்றின் பேச்சு பொதுமக்களின் காதுக்கானதன்று; அதை ஏரியலுக்குக் கற்பிக்க முடியாது, காதுக்குத்தான் கற்பிக்க வேண்டும்.

அப்படியானால் கேட்க என்ன இருக்கிறது என்ற வினா எழும். இங்கே ஒரு வரலாற்று விந்தையைக் குறிக்க வேண்டும். அந்தமான், நிக்கோபாருக்கு அமெச்சூர் வானொலியில் தனி அழைப்பெழுத்து உண்டு: வி.யூ.4. 1987க்குப் பின் 17 ஆண்டுகள் அந்த எழுத்தோடு ஒரு குரலும் எழவில்லை. உலகெங்கும் ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் கோபுரம்போல யாகிகளை நிறுத்தி, இந்தத் தீவுகளின் பக்கம் திருப்பிவைத்துக் காத்திருந்தார்கள். பாராடாங்காரர் போர்ட் பிளேரைக் கேட்கத் தவித்த அதே இரவுகளில், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அந்தமானைக் கேட்கத் தவித்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் தொடக்கத்தில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் ஏரியல் நட்டு, வி.யூ.4.ஆர்.பி.ஐ. என்று அழைக்கத் தொடங்கியது. பொழுதுபோக்காகத்தான். டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கிக் கடல் ஏறியது. தொலைபேசிகள் ஓய்ந்தபோது அதே ஏரியல்கள் உறவினர்களைத் தேடின, கார் நிக்கோபாரோடு தொடர்பு பிடித்தன. ஏரியல் ஆராய்ச்சி வெட்டிவேலை என்று வீட்டில் யாராவது சொன்னால் மேற்கோள் காட்ட இது உதவும். நான் காட்டியிருக்கிறேன், "நீங்கள் எப்போது யாரைக் காப்பாற்றினீர்கள்?" என்ற எதிர்க்கேள்வியையும் ஆய்வாளர்கள் எதிர்பார்க்க வேண்டும்.

கேட்கத்தக்கவை, ஆகவே, தலைக்கு மேல் இருக்கின்றன. சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவதுண்டு. 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வானிலைச் செயற்கைக்கோள்கள் மேகப் படங்களை அனுப்பும். அமெரிக்காவின் நோவா 15, 18, 19 மூன்றும் 2025-இல் ஓய்வு பெற்றுவிட்டன. ரஷ்யாவின் மீட்டியார்-எம் இன்னும் அனுப்புகிறது. இதற்கான ஏரியல், ஒவ்வொன்றும் 53 சென்டிமீட்டர் உள்ள இரண்டு கம்பிகள். 120 பாகை விரித்து, படுக்கவைத்து, வடக்கு தெற்காக நோக்கினால் போதும். பறவை அமர்வுக் குணகம் இங்கே உயர்வுதான், பொறுத்துக்கொள்க.

மற்ற எல்லாவற்றுக்கும் இவ்வாய்வின் பரிந்துரை, பாராடாங்கில் வீட்டுக்கு வீடு ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளை முன்வைக்கிறது: தகரக் கூரை. ஏரியலை வீட்டுக்குள் வைத்தால் இந்தத் தகரம் அலையை அண்டவிடாது. அதே தகரத்தின் மேல் அரை மீட்டர் கம்பி ஒன்றைக் காந்த அடியோடு உட்காரவைத்தால், தகரம் முழுவதும் அதற்குத் தரைத்தளமாகிவிடும். கம்பியின்மேல் தென்னை ஓலை படாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே பராமரிப்பு. ஓட்டு வீட்டாருக்கு மாற்று: ஒரு சாக்கெட்டின் நடுவில் நின்ற கம்பி ஒன்று, அதன் நான்கு மூலையிலும் 45 பாகை சரிந்த கம்பி நான்கு, எல்லாம் மூங்கில் உச்சியில். கேபிள், டிஷ் டிவிக்குப் போடும் ஆர்.ஜி.6 போதும். சுவரில் நுழையும் முன் அதைக் கீழ்நோக்கி ஒருமுறை வளைத்துத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இரண்டு பருவமழையும் பெய்யும் தீவில், கேபிளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் வருவது வழக்கம். இணைப்புகளை ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றுக. உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்க ஒரு பருவம் போதும்.

இடி இடிக்கத் தொடங்கும் முன்பே கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். இது எல்லா வாதத்தாருக்கும் பொது.