கரும்புகைக்குக் கைகண்ட முறை

உங்கள் பழைய லாரி தொப்பூர் கணவாய் ஏறும்போது திணறுகிறதா? பின்னால் வந்த டிராக்டர்காரர்கூட ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போகிறாரா? கவலையை விடுங்கள், நேராக டீசல் பம்ப் பட்டறைக்குப் போங்கள். "முதலில் ஏர் பில்டரைக் கழற்றிப் பார்க்கலாமே" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பில்டரைப் பார்ப்பது கிளீனர் பையன் வேலை. ஓனருக்குக் கௌரவம் பம்பில் கை வைப்பதுதான்.

அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதற்குப் பம்பில் ஒரு திருகு உண்டு. கம்பெனிக்காரர்கள் அதற்கு சீல் வைத்து அனுப்பியிருப்பார்கள், கஞ்சர்கள். உடைத்து ஏற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்றுக்கு வழி திறக்கும். டீசல் எஞ்சினுக்குள் காற்று தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், மிதியெல்லாம் டீசலுக்குத்தான். ஆகவே டீசல் கூடினால் பவர் கூடும். ஓர் எல்லை வரைக்கும் இது உண்மையும்கூட. அந்த எல்லையைப் பற்றிப் பட்டறையில் யாரும் பேசமாட்டார்கள்.

பேசியே தீரவேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்காக: ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று. அதுவும் ஏட்டுக்கணக்குத்தான். பீய்ச்சிய டீசல் காற்றோடு கலக்கக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை என்பதால், 18 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் ஓரளவு புகையில்லாமல் எரியும். அதற்கும் கீழே இறங்கினால், கூட்டிய டீசலில் ஒரு பகுதி கரியாகி சைலன்சர் வழியே வரும். வரட்டுமே. காசு கொடுத்து வாங்கிய டீசல், நாலு பேர் கண்ணில் படவேண்டாமா?

காற்றைக் குறைப்பதிலும் கவனம் தேவை. ஏர் பில்டரை மாற்றாதீர்கள். டயரில் நாலு அடி அடித்துத் தூசி தட்டி மாட்டுங்கள். தாள் கிழிந்தால் தூசி உள்ளே போய் லைனரைத் தேய்த்துக் கொடுக்கும். டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஓஸ் விரிந்து 'உஸ்' என்று சத்தம் வந்தால் பாட்டை உரக்க வையுங்கள். டர்போ இல்லாத வண்டியென்றால் ஊட்டிக்கு லோடு பிடியுங்கள். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டீசல் அளவைக் குறைக்காமல் ஏறினால் தேயிலைத் தோட்டமெல்லாம் உங்கள் வரவை அறியும்.

பலன் கைமேல் தெரியும். புகைபோக்கிச் சூடு ஏறும், டர்போ தவிக்கும், பிஸ்டன் தலை உருகத் தொடங்கும். நாசிலும் ஒழுகினால் எரியாத டீசல் லைனரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் கம்பியில் மட்டம் கூடியிருப்பதைப் பார்த்து, "நம்ம வண்டி ஆயிலே குடிக்காது" என்று டீக்கடையில் பெருமை பேசலாம்.

புகைச் சோதனை ஒன்றுதான் தொல்லை. பி.எஸ்.-4க்கு முந்தைய வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுவரை சலுகை உண்டு. நம் வழியில் வந்த வண்டி அதைச் சுலபமாகத் தாண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிக்காரர்கள் மன்னிக்கவும். அதில் திருக ஒன்றும் இல்லை. கரி சேர்ந்து வடிகட்டி அடைத்துக்கொண்டால், உங்களைக் கேட்காமலே பவரைக் குறைத்துக்கொண்டு பட்டறைக்குப் போகச் சொல்லி விளக்கைப் போடும்.