டூரினில் பிறந்தது, ராட்டர்டாமுக்குப் போனது

தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்சியில் ஃபியட் 124 ஸ்பைடர் வைத்திருந்தவர் அதை விற்பது சுலபம். கண்ணாடியில் விலை எழுதிய அட்டையை ஒட்டி வாசலில் நிறுத்துவார். வருகிறவர் என்ஜின் ஓடுமா என்று கேட்பார். ஓடும் என்றால் பேரம் தொடங்கும். நான் வாங்கிய 1978 மாடலில் என்ஜின் ஓடவில்லை, அதனால் பேரமும் நடக்கவில்லை. இடத்தைக் காலி செய்தால் போதும் என்றார் விற்றவர்.

இப்போது அதே காரை நான் விற்றபோது ஒரு கோடைக்காலமே போய்விட்டது. காரைத் தூக்கி அடிப்பகுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். காரின் உடலில் பொறித்த எண்ணும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கேட்டார்கள். காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்வதை வீடியோ எடுக்கச் சொன்னார்கள். ஒருவர் பெயின்ட் எவ்வளவு தடிமன் என்று அளக்கும் கருவியோடு வந்து, கதவிலிருந்து டிக்கி வரை அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்த்தார்.

என் தலைமுறைச் சென்னைக்காரர்களுக்கு ஃபியட் என்றால் டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் 1100. ஸ்டியரிங் தண்டிலேயே கியர். பிறகு அதுவே பத்மினி ஆயிற்று. எண்பதுகளில் பிரீமியர் 118 என்.இ. வந்தது, அதன் உடல் ஃபியட் 124 செடானுடையது, என்ஜின் நிசானுடையது. அதே 124 செடான் சோவியத் ரஷ்யாவில் டோலியாட்டி நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து லாடாவாக இறங்கி அந்த நாட்டையே நிறைத்தது. ஊருக்கு உழைத்த அந்தக் காரின் அடித்தளத்தைக் கொஞ்சம் குறுக்கி, அதன்மேல் கட்டப்பட்டதுதான் ஸ்பைடர். 1966 டூரின் கார் கண்காட்சியில் அதை முதலில் காட்டினார்கள்.

வடிவம் கொடுத்தவர் டாம் ஜார்டா, டெட்ராய்ட்டில் பிறந்தவர். பினின்ஃபரினா வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது 1963இல் ஷெவர்லே கார்வெட்டின் மேல் ரோண்டினே என்றொரு கண்காட்சிக் காரை வரைந்தார். அதன் பின்பக்க அழகுதான் சுருங்கி ஸ்பைடருக்கு வந்தது. என்ஜின் அவுரேலியோ லம்ப்ரெதி கை வைத்தது. ஃபெராரியில் இருந்தபோது அவர் செய்த நான்கு சிலிண்டர் என்ஜினில்தான் பந்தய வீரர் அஸ்காரி 1952, 1953 இரண்டு ஆண்டும் உலகப் பட்டம் வென்றார். பிறகு ஃபியட்டுக்கு வந்து, சாதாரண மனிதர் வாங்கக்கூடிய காருக்கு இரட்டை கேம் தண்டும் அவற்றைச் சுழற்ற ரப்பர் பற்பெல்ட்டும் கொடுத்தார். அந்த என்ஜின் குடும்பம்தான் பின்னாளில் லான்சியா டெல்டாவில் ஏறி, 1987 முதல் 1992 வரை தொடர்ந்து 6 உலக ராலி பட்டங்களை வாங்கியது. இத்தனையும் சில நூறு டாலருக்கு ஒரு புறக்கடையில் மழையில் நனைந்துகொண்டிருந்ததை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பகுதியில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். எத்தனை நல்ல இரும்பும் அதற்குத் தாங்காது. முன்சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சார்பர் பொருந்துமிடமும் கதவுக்கு அடியிலுள்ள தகடும் அப்பளமாகியிருந்தன. இத்தாலியின் அப்ரூட்ஸோவிலிருந்து இளவயதில் குடியேறிய ஒரு மெக்கானிக் கிழவர்தான் எனக்கு வெல்டிங் சொல்லிக்கொடுத்தார். துருவின் மேல் தகடு ஒட்டினால் துரு உள்ளே தின்றுகொண்டே இருக்கும், நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டு என்பார். வெட்ட வெட்டக் கார் குறைந்துகொண்டே போனது. ஃபியட் கம்பெனி எண்பதுகளின் தொடக்கத்திலேயே அமெரிக்காவை விட்டுப் போயிருந்தது. அதன்பின் 1985 வரை பினின்ஃபரினா தன் பெயரிலேயே ஸ்பைடரை விற்றது, அதுவும் நின்றது. ஒரு கதவுக் கைப்பிடி வேண்டுமென்றால் பழைய இரும்புக் கடைகளில் நாள் முழுக்க அலைய வேண்டும். இன்று அந்தக் கைப்பிடி புத்தம் புதிதாகத் தபாலில் வருகிறது. கார் தெருவில் ஓடியபோது கிடைக்காத பாகம், அது அருங்காட்சிப் பொருளானபின் தாராளமாகக் கிடைக்கிறது.

அந்தக் காலத்தில் எல்லோரும் முதலில் கழற்றி எறிந்தது பம்பரைத்தான். நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக, மணிக்கு 8 கிலோமீட்டரில் மோதினால் விளக்கு போன்ற பாதுகாப்புப் பாகங்களுக்குச் சேதம் வரக்கூடாது என்று எழுபதுகளில் அமெரிக்க அரசு விதி கொண்டுவந்தது. அதற்காக 1975 முதல் ஸ்பைடருக்குக் கனத்த அலுமினியப் பம்பர்கள் வந்தன; காரின் உயரத்தையும் கூட்டினார்கள். ஜார்டா வரைந்த மெல்லிய முகம் மறைந்துவிட்டது என்று எல்லோரும் புலம்பினார்கள். நான் கழற்றவில்லை. என் கார் இந்தச் சட்டத்துக்காக, இந்தச் சாலைகளுக்காகச் செய்யப்பட்டது. அதன் பிறப்புச் சான்றிதழே அந்தப் பம்பர்தான் என்று நினைத்தேன். ரப்பர் பட்டையைத் தேடிப் பிடித்தேன், அலுமினியத்தை மெருகேற்றினேன்.

விலைக்கு வந்தவர்கள் நான் தொட்ட இடங்களையெல்லாம் சந்தேகத்தோடு பார்த்தார்கள். தொடாமல் விட்டவற்றைப் பாராட்டினார்கள். டாஷ்போர்டில் விரிசல் விட்ட மரப்பலகையை ஒருவர் பத்து நிமிடம் ரசித்தார். கதவின் கீழ் நான் வெல்டு செய்த தகடுகளை டார்ச் அடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அந்தத் தகடுகள் இல்லாவிட்டால் அவர் ரசிக்க டாஷ்போர்டே இருந்திருக்காது. ஒரு காரைக் காப்பாற்றிய வேலையைக் குறையாக எண்ணும் இந்தச் சந்தை நியாயமானதென்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிங்கரிங்குக்கும் பெயின்ட்டுக்கும் ஆன செலவைக் காரின் விலை எட்டாது என்பது மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் மாறவில்லை.

மகள் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, புதுசாவே 124 ஸ்பைடர் வந்துதே, அதை வாங்கியிருக்கலாமே?" உண்மைதான், 2016இல் வந்தது. மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் மேல் ஃபியட்டின் உடலையும் டர்போ என்ஜினையும் பொருத்தி, ஹிரோஷிமாவில் செய்தார்கள். ஓட்டிப் பார்த்தேன், நல்ல கார்தான். ஆனால் பழையதில் சீட்டிலிருந்தே ஒரு கையால் கூரையைப் பின்னுக்குத் தள்ளும்போது பக்கத்துச் சிறு கண்ணாடியும் சேர்ந்து மடியும். அறுபதுகளில் அதை யோசித்தவருக்கு நான் தினமும் நன்றி சொல்லியிருக்கிறேன். தோள்பட்டை வலியால் அந்தக் கையைத் தூக்க முடியாமல் போனதால்தான் விற்கத் துணிந்தேன்.

வாங்கியவர் நெதர்லாந்துக்காரர். உற்பத்தியான ஸ்பைடர்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு வந்தவை. அவை இப்போது கன்டெய்னரில் ஏறி ஐரோப்பாவுக்குத் திரும்புகின்றன. அவர் நாட்டில் 40 வயது தாண்டிய காருக்குச் சாலை வரி கிடையாது. நான் வாங்கியபோது வயது காரின் மதிப்பைக் குறைத்தது. இவரோ அந்த வயதுக்காகவே தேடி வந்தார். வெல்டிங்கை மட்டும் விரலால் தடவிப் பார்த்து, "இதை யார் செய்தது?" என்றார். சொன்னேன். கேட்ட விலையில் பேரம் பேசவில்லை. டைமிங் பெல்ட்டைத் தேதி பார்த்து மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். நியூவார்க் துறைமுகத்தில் கார் ஏறியது.

ராட்டர்டாமில் இறங்கிய மாதமே படம் அனுப்பினார். பம்பர்களைக் கழற்றிவிட்டு, ஆரம்பக் காலத்து மெல்லிய குரோம் பம்பர்களைப் பொருத்தியிருந்தார். ஐரோப்பாவில் இப்படித்தான் இருக்க வேண்டுமாம். எனக்கு மனசு கேட்கவில்லை. பழையதை எறிந்துவிடாதீர்கள், எங்கேயாவது பத்திரமாக வையுங்கள் என்று எழுதினேன். எறிவதாக இல்லை, விற்கப்போவதாகப் பதில் வந்தது: அமெரிக்காவில் 1975க்குப் பிந்தைய ஸ்பைடர்களை அசல் உருவத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் இந்தப் பம்பர் கிடைக்காமல் தேடுகிறார்களாம், யாரையாவது தெரியுமா என்று. பென்சில்வேனியாவில் ஒருவரைத் தெரியும். இருபது வருஷம் முன்பு தன் ஸ்பைடரின் பம்பர்களைக் குப்பை வண்டியில் போட்டவர், இப்போது அதே காரைப் பழையபடி ஆக்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய முகவரியை அனுப்பிவைத்தேன்.