நாலு விரல் உயரம்

என் கேப்பின் பின்பெட்டியில் எந்த நேரமும் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை கயிற்றால் கட்டிக் கிடக்கும். பழுகாமத்தில் வாகனத்தில் கதிரை போகிறதென்றால் அதற்கு ஒரேயொரு அர்த்தந்தான்: செத்த வீடு. பட்டிருப்புப் பாலம் தாண்டுவதற்குள் இரண்டு மூன்று பேராவது கைகாட்டி மறித்துவிடுவார்கள்.

"என்ன சேர், ஆர் மோசம் போன?"

"ஒருத்தருமில்ல. மாமி ஏறி இறங்கிறதுக்கு."

கேட்டவரின் முகத்தில் சின்ன ஏமாற்றம் தெரியும். ஒருவர் நம்பவேயில்லை. "சரி சரி, எத்தின மணிக்கு எடுக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

மாமிக்குக் கதிரை தேவைப்பட்ட கதையைச் சொல்ல வேண்டும்.

கேப் 1989ஆம் ஆண்டு ஹைலக்ஸ். இரண்டு கதவு, 2,446 சீசீ டீசல் எஞ்சின், பின்சில்லு இரண்டும் மட்டும் இழுக்கிற ரகம். இந்தக் கடைசி விபரத்தை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்திருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திரும்பத் திறந்தபோது விலையைக் கேட்டுவிட்டு, கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் வீடு வந்து சேர்ந்தேன். கிழவனைக் கொண்டுதான் இனிக் காலம் தள்ள வேண்டும் என்றாயிற்று.

வயல் நவகிரிப் பக்கம். வட்டைக்குப் போகிற கிறவல் வீதி மணல் டிப்பர்களின் புண்ணியத்தில் நடுவில் மேடும் இருபுறமும் பள்ளமுமாக, தோணியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரிக் கிடக்கும். அந்த மேட்டில் சைலன்சர் உரசாமல் வந்த நாளில்லை. மழைக்காலத்தில் வெல்லாவெளிப் பக்கம் வீதியெது வாய்க்காலெதென்று தெரியாது. 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரை முழுவதும் நீருக்குள் கிடந்தபோது இதே கேப் எங்கள் வீட்டு மாமரத்தடியில் கழுத்தளவு தண்ணீரில் எருமைபோல நின்றது. அந்தப் படம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இந்த நேரம் பார்த்து சுவிஸிலிருந்து மருமகன் ஒரு வீடியோ அனுப்பினான். 2007இல் பிபிசி 'டொப் கியர்' ஆட்கள் வட காந்த முனையை நோக்கிப் பனிக்கட்டிக்கு மேலே ஹைலக்ஸ் ஓட்டிப்போனது. ஐஸ்லாந்துக் கம்பனி ஒன்று உயர்த்தி, 38 அங்குல டயர் பூட்டிக் கொடுத்த வாகனம். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "மாமா, உங்கட அதே ஹைலக்ஸ்தான்."

வட முனைக்கே போகுமென்றால் வெல்லாவெளிக்குப் போகாதா?

களுவாஞ்சிகுடிப் பக்கம் எனக்குத் தெரிந்த பாஸ் ஒருவர் இருக்கிறார். பேச்சு குறைவு, வெற்றிலை அதிகம். கேப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னார்:

"சேர், இது வில்லில்ல, பலகை. முப்பத்தாறு வருசம் நெல்லு மூட்ட ஏத்தித் தட்டையாப் பெய்த்து. கழட்டிக் குடுத்தா வளைச்சுத் தருவாங்க. கொம்பனிக்காரன் வெச்ச உயரம் திரும்ப வரும். அது காணும்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வைத்தியரிடம் ஊசி கேட்டுப் போனவனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னதுபோல இருந்தது. "அதுக்கு மேல மூண்டு இஞ்சி தூக்கேலாதா?" என்றேன்.

பாஸ் துப்பிவிட்டு வந்தார். "தூக்கலாம். பின்னுக்கு இரும்புக் கட்ட வெச்சு நீள யூ போல்ட்டால இறுக்கலாம். முன்னுக்கு டோர்ஷன் பாரை முறுக்கினா எழும்பும். ஆனா முறுக்க முறுக்க ஆட்டம் குறையும், கல்லு மாதிரிக் குலுக்கும். ஒண்டு சேர், நீங்க தூக்கிறது உடம்ப. டிஃபரன்ஷல் இருந்த இடத்திலதான் இருக்கும். கல்லில அடிபடுறது அதுதானே?"

"அதுக்குத்தான் பெரிய டயர்" என்றேன், வட முனைக்குப் போய்வந்தவனைப்போல.

டயர்க் கணக்கை நான் வீட்டில் மாணவர் கொப்பியொன்றில் போட்டுப் பார்த்தேன். பழைய டயர் 195 ஆர் 14. விட்டம் ஏறத்தாழ 666 மில்லிமீற்றர். வாங்க நினைத்தது 235/75 ஆர் 15, விட்டம் 733. வித்தியாசம் 67 மில்லிமீற்றர். கிட்டத்தட்ட ஏழு சென்றிமீற்றர்! பேனையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். பிறகுதான் நினைவு வந்தது: சில்லின் நடுவில் அச்சு. விட்டம் எவ்வளவு கூடினாலும் அச்சு எழும்புவது அதில் பாதி. முப்பத்துநாலு மில்லிமீற்றர். இருபது வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். விட்டத்துக்கும் ஆரைக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகளைக் கதிரையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன்.

ஆனால் ஆசைக்கு ஆரை தெரியாது. கல்முனையில் பாவித்த ரிம் நாலு மலிவாகக் கிடைக்கிறதென்று ஓடிப்போய் வாங்கினேன். பாஸ் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார், என் சில்லைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் என்னையும் பார்த்தார். ரிம்மில் ஓட்டை ஆறு. என் கேப்பில் நட் ஐந்து. நாலு சில்லும் இழுக்கிற ஹைலக்ஸின் ரிம் அது. அந்த நாலும் இப்போது வீட்டுக் கோடியில் பூச்சாடியாக இருக்கின்றன. ஒன்றில் மனைவி வைத்த கறிவேப்பிலை நன்றாக வந்திருக்கிறது.

ஐந்து ஓட்டை ரிம் வேறாகத் தேடி, டயரும் வாங்கி முடித்தபோது செலவு இரட்டிப்பாகியிருந்தது. மனைவியிடம் பாதியைச் சொன்னேன். இங்கே ஒரு சங்கதி. திரௌபதை அம்மனைக் கும்பிடுகிற ஊர் எங்களுடையது; பாரதம் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கதை. தருமரின் தேர் நிலத்தில் படாமல் நாலு விரல் உயரத்தில் ஓடியதாம். அசுவத்தாமன் இறந்தான் என்று வாய்க்குள் ஒரு பொய்யை மென்றதும் சில்லு நிலத்தைத் தொட்டதாம். நாலு விரல் என்பது ஏறத்தாழ மூன்று அங்குலம். அதாவது பாஸ் வைத்த கட்டையின் உயரம். தருமர் முழுப்பொய்கூடச் சொல்லவில்லை. நானும் பாதிதானே சொன்னேன்.

கேப் வந்து முற்றத்தில் நின்றபோது கம்பீரமாகத்தான் இருந்தது. மாமிதான் முதல் வந்து சுற்றிப் பார்த்தா. கதவைத் திறந்தா. ஒரு காலைத் தூக்கினா, இறக்கினா, சேலையைச் சொருகிக்கொண்டு மற்றக் காலைத் தூக்கினா, இறக்கினா.

"இதென்ன மருமகன், ஆனையா? ஏணி எங்க?"

மனைவி நெல் அளக்கிற மரைக்காலைக் கவிழ்த்துப் போடலாமா என்றாள். மாமி பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது. அன்றைக்கு வந்த கதிரைதான் இது.

மற்ற விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெல் ஏற்றினால் பின்பக்கம் அமர்ந்து முன்பக்கம் தலை நிமிரும். யானை நிற்கிறதா என்று பார்க்க வேண்டிய லைட் தென்னை வட்டில் வௌவால் தேடும். மீற்றர் 60 காட்டும்போது வண்டி 66இல் ஓடும். 110 கிலோமீற்றர் ஓடிவந்தால் 100 என்று கணக்கெழுதும். ஆகவே டீசல் குடிப்பது இன்னும் மோசமாகத் தெரியும். வளைவில் கிறுக்கினால் முன்டயர் மட்கார்ட்டில் உரசிப் பன்றிக்குட்டிபோலக் கத்தும். ஓட்டும் ஆசனத்தில் நான் இருந்த படமொன்றை மகள் எடுத்து மருமகனுக்கு அனுப்பினாள். இஞ்சி தின்ற குரங்கு மாதிரி இருக்கிறேன்.

மாரி வந்தது. வெள்ளத்தில் இறக்க வேண்டாம் என்று பாஸ் முதலே சொல்லியிருந்தார். கூரை எவ்வளவு உயர்ந்தாலும் காற்று உறிஞ்சுகிற வாய் எங்கே இருக்கிறதென்பதுதான் கணக்கு. அதற்குள் தண்ணீர் போனால் பிஸ்டனால் தண்ணீரை நசுக்க ஏலாது, கோல்தான் வளையும் என்றார். அதனால் நான் வெள்ளத்தில் இறக்கவில்லை. வெல்லாவெளியில் ஒரு கலியாண வீட்டுக்கு மாமியையும் ஏற்றிக்கொண்டு, முழங்காலளவுகூட இல்லாத தண்ணீரில் மெதுவாகப் போனேன். நன்றாகத்தான் போனது. முன்னால் பெட்டி பூட்டிய உழவு மிசின் ஒன்று வந்தது. மரியாதைக்கு ஓரம் கொடுத்தேன்.

இடப்பக்கப் பின்சில்லு வீதியோரக் களியில் இறங்கியது. எது வழுக்குகிறதோ அந்தச் சில்லுக்கே சுற்றைக் கொடுப்பதுதான் சாதாரண டிஃபரன்ஷலின் குணம். கல்லில் நின்ற சில்லு சும்மா நிற்க, களியில் கிடந்த சில்லு கொத்துரொட்டிக் கடைபோலச் சத்தமிட்டுச் சுழன்றது. டயரின் ஆழமான வெட்டெல்லாம் கறுத்தக் களி நிரம்பி வழுவழுவென்று தொதல் மாதிரி ஆயிற்று. இழுக்கத் தெரியாத முன்சில்லு இரண்டும் விருந்தாளிகளைப்போல வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

மிசின்காரப் பொடியன் நிறுத்தி இறங்கி வந்தான். என்னிடம் படித்தவன். அவனுடைய மிசினின் பின்சில்லு என் நெஞ்சுக்கு வந்தது. மூத்தப்பாவின் மாட்டுவண்டிச் சில்லும் அந்த உயரந்தான். அதற்கு வில்லுமில்லை, கட்டையுமில்லை.

"சேர், கயிறு கிடக்கா?"

கிடந்தது. கதிரையைக் கட்டியிருந்த கயிறு. அவிழ்த்துக் கொடுத்தேன். முதல் இழுவையிலேயே அறுந்தது.

"சங்கிலி எடுத்துக்கு வாறன் சேர், இருங்க. வெல்லாவெளிக்குப் பெய்த்து ஒரு மணித்தியாலத்தில வாறன்." பிறகு மாமியைப் பார்த்தான். "மூத்தம்மா, நீங்க கலியாண வீட்டுக்கா? பெட்டியில ஏறுங்க, விட்டுட்டுப் போறன்."

மாமி ஒரு கணமும் யோசிக்கவில்லை. கதிரையைத் தண்ணீருக்குள் வைக்கச் சொல்லி அதில் இறங்கினா. அதே கதிரையை மிசின்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து ஏறினா. பெட்டிக்குள் நெல்லுமூட்டை அடுக்கியிருந்தது, இருக்க இடமில்லை.

"அந்தக் கதிரையையும் தூக்கிப் போடு மனே" என்றா.

மிசின் திரும்பி வெல்லாவெளிப் பக்கம் போனது. சிவப்புக் கதிரையில் நிமிர்ந்து இருந்தபடி மாமி போகிற அழகை, கேப்பின் பின்கதவில் சாய்ந்து நின்று, நாலு விரல் உயரத்தில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒருவர் என்னருகில் நின்று, போகிற கதிரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆர் சேர் மோசம் போன?"