யார் குடித்த பெட்ரோல்?

பழைய கார் திடீரென்று பெட்ரோலை மொடாக்குடி குடிக்க ஆரம்பித்தால், மதுரைப் பட்டறைகளில் பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு தயார்: “எல்லாம் எத்தனால்ணே!”

எத்தனாலுக்கும் பங்கு உண்டுதான். லிட்டருக்கு லிட்டர், அதன் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதக் கலப்பால் பழைய கார்கள் 6 முதல் 7 சதவீதம் மைலேஜை இழக்கலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் 16 கொடுத்த வண்டி 15 கொடுக்க வேண்டும். 10தான் கொடுக்கிறது என்றால் மிச்சத்தைக் குடித்தது யார்?

பெரும்பாலும் உள்ளூர் ஆசாமிதான். சித்திரை வெயிலுக்கு இன்ஜின் கொதிக்கிறதென்று முன்னொரு நாள் யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கடாசியிருப்பார். அதன்பின் மேலூர் நான்குவழிச் சாலையில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரவே வராது. வெளியே 40 டிகிரி. வண்டியின் கம்ப்யூட்டரோ கொடைக்கானலில் நடுங்குவதாக நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றும்.

ஏர் ஃபில்டரைத் தட்டினால் திருமங்கலத்துக் கரிசல் புழுதி கொட்டும். கார்புரேட்டர் வண்டிக்கு அது குற்றம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இழுவைதான் குறையும், மைலேஜ் அவ்வளவாகக் குறையாது. ஓட்டி நிறுத்தியதும் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோகும்போது ஒன்று மட்டும் தோசைக்கல்லாகச் சுட்டால், பிரேக் பிடித்தபடியே ஊர் சுற்றியிருக்கிறது வண்டி.

டயரில் காற்று? அதைப் பார்க்கக் காசு கேட்பதில்லை என்பதாலோ என்னவோ, யாரும் பார்ப்பதில்லை. மைலேஜ் கூட்டும் சொட்டுமருந்து பாட்டிலை மட்டும் பேரம் பேசாமல் வாங்குகிறார்கள். 1996இல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை மூலிகையில் பெட்ரோல் காய்ச்சுவதாக ஏமாற்றிக் காட்டிய சீமையாயிற்றே. அவருக்கு நீதிமன்றம் மூன்றாண்டு சிறை விதிக்க 2016 ஆனது.