இறாலுக்கு உப்பு போடும் முறை

அலங்கார இறால் வளர்க்கக் கடலோரத்தில் குடியிருக்க வேண்டும் என்பதில்லை. சொல்லப்போனால் அது ஒரு தொந்தரவு. திருவான்மியூரில் மொட்டைமாடி ஏறினால் கடல் தெரிகிறது, வீட்டு போர் தண்ணீரும் உப்புக் கரிக்கிறது. அப்படியிருக்க, ஆர்.ஓ. மெஷின் வாங்கி மாட்டி, தண்ணீரில் இருக்கிற உப்பையெல்லாம் எடுத்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் வந்த உப்பை அதே தண்ணீரில் நீங்கள் கரைத்துக்கொண்டிருப்பீர்கள். சரியாக அந்த நேரத்தில்தான் மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்குவார். "ஏன் மாப்பிள்ளே, எடுக்காமலே விட்டிருக்கலாமே?"

இதற்கு ஒரு பதிலைத் தயார் செய்த பிறகு தொட்டி வாங்கினால் போதும். கடல் உப்பு என்பது வெறும் சோடியம் குளோரைடு அல்ல. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்ஃபேட் எல்லாம் ஒரு விகிதத்தில் கலந்திருக்கும். இறால் ஓடு கட்டுவதே இந்தச் சரக்கை வைத்துத்தான். போர் தண்ணீரின் உப்பில் எது எவ்வளவு என்பது தெருவுக்குத் தெரு மாறும், சாக்கடைப் பக்கம் இருந்தால் நைட்ரேட்டும் சேர்ந்து வரும். சமையல் உப்பில் சோடியம் குளோரைடை விட்டால் கொஞ்சம் அயோடினும், கட்டி தட்டாமலிருக்கப் போட்ட மருந்தும்தான். "சரி, பீச்சுல ரெண்டு குடம் மொண்டுட்டு வந்தா?" என்பது அடுத்த கேள்வி. கூவமும் அடையாறும் எங்கே போய்ச் சேருகின்றன என்று மட்டும் சொல்லுங்கள். மேற்கொண்டு கேட்கமாட்டார்.

அளவு: லிட்டருக்கு 35 கிராம். 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ. தண்ணீர் வற்றினால் வெறும் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. போனது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. மரக்காணத்தையோ தூத்துக்குடியையோ பஸ்ஸில் கடந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் ஏனோ இதை மறந்து, மாதம் முழுக்க உப்புத் தண்ணீராகவே ஊற்றித் தொட்டியை உப்பளமாக்கிவிடுகிறார்கள்.

உப்பு சரியானதும் இறால் வாங்கக் கிளம்பாதீர்கள். தொட்டி நாலு முதல் ஆறு வாரம் காலியாக இருக்க வேண்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேறும் காலம் அது. வீட்டுக்கு வருகிறவர்கள் விளக்கு, மோட்டார், குமிழி எல்லாம் ஓடுகிற காலித் தொட்டியின் முன் நின்று, "மீன் எங்கே?" என்பார்கள். "இப்போதைக்கு பாக்டீரியா வளர்க்கிறோம்" என்று சொல்லுங்கள். இதைக் கூச்சமில்லாமல் சொல்ல முடிந்தவர்தான் மெரைன் டேங்க்குக்கு லாயக்கு. இந்தப் பொழுதுபோக்கில் உண்மையில் வளர்ப்பது தண்ணீரைத்தான். இறால் பிறகு வந்து ஒட்டிக்கொள்கிறது.

அழகுக்குப் பவளம் வைக்கலாமா என்று ஆசை எழும். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலியோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. யாராவது குரலைத் தாழ்த்தி "உள்ளே ஒரு ஸ்பெஷல் பீஸ் இருக்கு சார்" என்றால் அது இதுதான். பீங்கான் பாறை போதும். இறாலுக்கு ஒளிய இடம் வேண்டும், அந்தஸ்து வேண்டாம்.

இனி கொளத்தூர் போகலாம். தெருவெல்லாம் மீன் கடையாக இருக்கும் அந்தப் பேட்டையில் கப்பியையும் கோல்டு ஃபிஷையும் தாண்டிப் போனால், ஓரிரு கடைகளில் நீல விளக்கு எரியும். அங்கே முதலில் கேட்க வேண்டியது கிளீனர் ஷ்ரிம்ப். இலங்கைக் கடலிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் உலகமெங்கும் போகிற சரக்கு. ரத்தச் சிவப்பு முதுகில் தலையிலிருந்து வால்வரை ஒரு வெள்ளைக் கோடு, உடம்பைவிட நீளமான வெள்ளை மீசை. பாறை முனையில் நின்று மீசையை ஆட்டும். பெரிய மீன் வந்து வாயைத் திறக்கும். இது உள்ளே இறங்கி ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு முழுசாக வெளியே வரும். உங்கள் கையைத் தண்ணீருக்குள் விட்டால் ஏறி உட்கார்ந்து நகக்கண்ணைச் சுரண்டிப் பார்க்கும். ஒன்றின் விலைக்குக் காசிமேட்டில் கிலோ இறால் வாங்கி மிச்சமும் பார்க்கலாம் என்பதை வீட்டில் சொல்லாதீர்கள்.

மற்ற வகைகளில் எச்சரிக்கை தேவை. பாக்ஸர் ஷ்ரிம்ப் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கும். ஒரே பாலைச் சேர்ந்த இரண்டை ஒரு தொட்டியில் விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். "ஜோடி சார், கேரண்டி" என்று கடைக்காரர் சொன்னால், நேற்று ராத்திரி இரண்டும் ஒரே தொட்டியில் இருந்தனவா என்று கேளுங்கள். ஹார்லிகுவின் ஷ்ரிம்ப் பார்க்கச் சீனப் பீங்கான் பொம்மை மாதிரி. அது நட்சத்திர மீனைத் தவிர வேறெதையும் தின்னாது. ஆகவே இறாலுக்காக நட்சத்திர மீன், நட்சத்திர மீனுக்காக இன்னொரு தொட்டி, அந்தத் தொட்டிக்கும் உப்பு. பிஸ்டல் ஷ்ரிம்ப் நடுராத்திரியில் டப்பென்று சுடும். தொட்டி விரிசல் விட்டுவிட்டதென்று வீடே எழுந்து ஓடிவரும். கொடுக்கு இடிபடும் சத்தமல்ல அது. கொடுக்கு மூடும் வேகத்தில் பீய்ச்சும் நீர் ஒரு குமிழியை உண்டாக்குகிறது, குமிழி நசுங்கும்போதுதான் சத்தம். 2000இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தார் அதிவேகக் கேமராவில் பிடித்துக் காட்டியது இது. ராத்திரி இரண்டு மணிக்கு இந்த விளக்கம் எடுபடாது.

வாங்கி வந்த இறாலைப் பையோடு அவிழ்த்துத் தொட்டியில் கொட்டக் கூடாது. உப்பின் அளவு சட்டென்று மாறினால் மீன் சமாளிக்கும், இறால் சமாளிக்காது. ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுவதுபோலத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, இறால் இருக்கும் பாத்திரத்தில் விடுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது இப்படி உட்காரவில்லையே என்று ஒரு குரல் கேட்கும். திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இப்போது எதிரிகள். முதல் எதிரி செம்பு. இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமப்பதே செம்பு கலந்த ஒரு புரதம்தான், ஆனாலும் தண்ணீரில் துளி செம்பு கலந்தால் அதற்கு ஆகாது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கடையில் கொடுக்கும் பல மருந்துகளில் செம்பு உண்டு. மீன் பிழைக்கும், இறால் போய்விடும். இதைவிட ஆபத்தானவர், செம்புக் குடத்து நீரின் மகிமையில் நம்பிக்கையுள்ள பெரியப்பா. வாயில்லா ஜீவனுக்கும் நல்லது நடக்கட்டுமே என்று ஒரு சொம்பு ஊற்றிவிடுவார். தொட்டிக்கு மூடி போடுவது அவருக்காகத்தான்.

இரண்டாவது எதிரி கொசு மருந்து. பூச்சியைக் கொல்லும் பைரித்ராய்டு, பூச்சியின் தூரத்துச் சொந்தமான இறாலையும் விட்டுவைக்காது. ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது; அந்த அறையில் ஸ்பிரே அடித்தால் தண்ணீரில் அடித்த மாதிரிதான். ஆக ஹாலில் கொசு பேட் மட்டும். குடும்பமே கொசுக்கடி வாங்கிக்கொண்டு இறாலைக் காப்பாற்றும்.

மூன்றாவது, மே மாதம். தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். சில்லர் தண்ணீரைக் குளிரவைத்து அந்தச் சூட்டை ஹாலில் விடும், ஹாலுக்கு ஏ.சி. போடுவீர்கள், இரண்டு மாதத்துக்கொரு முறை வரும் கரண்ட் பில்லில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதை நினைத்து ஆறுதல் அடையுங்கள்.

சாப்பாட்டில் மட்டும் செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொக்குக்கு உரித்த இறாலில் ஒன்றை, மஞ்சள்தூள் தடவுவதற்கு முன், எடுத்துப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். அடித்துப் பிடித்து ஓடிவந்து தின்னும். சொந்தக்காரன் என்று பார்ப்பதில்லை.

ஆணா பெண்ணா என்று விருந்தினர் கேட்பார்கள். கிளீனர் ஷ்ரிம்ப் முதலில் ஆண், வளர்ந்த பிறகு இரண்டும். எந்த இரண்டை விட்டாலும் ஜோடிதான், ஆனால் ஒன்று சட்டை உரித்த கையோடுதான் கூடும். சட்டையுரிப்பைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சில வாரங்களுக்கு ஒரு முறை, பெரும்பாலும் ராத்திரியில், இறால் தன் ஓட்டை முழுசாகக் கழற்றிப் போட்டுவிடும். மீசை, கால்கள், கண்ணின் மேல் மூடி வரை எதுவும் குறையாமல், கண்ணாடிபோல, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். உடம்புக்காரர் புது ஓடு இறுகும்வரை மெத்தென்று பாறைக்குப் பின்னால் ஒளிந்திருப்பார், தின்ன வரமாட்டார். கடையில் போய் "நேத்து வாங்கினது செத்துப்போச்சு" என்று இந்த ஓட்டைக் காட்டி வாதாடியவர்கள் உண்டு.

ஊருக்குப் போகும்போது பேட்டரி ஏர் பம்பை எப்படிப் போடுவது என்று காட்டி, எதிர் ஃபிளாட்காரரிடம் சாவியை ஒப்படையுங்கள். தீனியை நாளுக்கொன்றாகப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். இல்லாவிட்டால் இரக்கப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டி, பாக்டீரியாவுக்குத் தாங்காமல் செய்துவிடுவார். திருப்பதி வரிசையில் நிற்கும்போது அவரிடமிருந்து போன் வரும்.

"சார், ஒரு இறால்தானே விட்டுட்டுப் போனீங்க? இப்ப ரெண்டு இருக்கு. அதுல ஒண்ணு செத்துக் கிடக்கு சார்."

"செத்ததை எடுக்காதீங்க சார். இன்னொண்ணுக்கு ரெண்டு நாளைக்குச் சாப்பாடு வேண்டாம்."