மூத்தோர் மிதிவண்டித் திணை: ஓர் இலக்கணம்

1. வரையறை

அறுபதைத் தொட்டவரோ தாண்டியவரோ, எங்கும் போய்ச் சேர வேண்டிய தேவை இல்லாமல் விடியற்காலையில் சைக்கிள் மிதித்தால் அவர் மூத்த உல்லாச மிதிவண்டியாளர் எனப்படுவார். இங்கே சுருக்கமாக மூத்தோர். இந்த வரையறையில் வயதைவிடத் தேவையின்மையே முக்கியம். இரவுப் பணி முடிந்து அதே சாலையில் வீடு திரும்பும் காவலாளிக்கும், கேரியரில் கேன் கட்டிய பால்காரருக்கும் அதே வயது இருக்கலாம். ஆனால் அவர்களுக்குப் போக வேண்டிய இடம் ஒன்று இருப்பதால் வரையறைக்குள் வரமாட்டார்கள். ஒப்பீட்டுக்கு மட்டும் அவர்கள் தேவை. மூத்தோரை முந்திக்கொண்டு போகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே.

மூத்தோர் பல ஊர்களில் உண்டு. இங்கு ஆராயப்படுவோர் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூருக்கும் முட்டுக்காட்டுக்கும் இடையே காணப்படுவோர். ஆய்வு பழைய பொருளிலக்கண முறைப்படி முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற வரிசையில் அமைகிறது.

2. முதற்பொருள்: நிலமும் பொழுதும்

நிலம் நெய்தல். தெற்கே போகையில் கடல் இடப்பக்கம் இருக்கிறது. பங்களாக்களின் மதில்கள் மறைப்பதால் அது பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. எதிர்க்காற்று அடிக்கும்போதுதான் தெரியவரும்.

நெய்தலுக்கு இலக்கணம் வகுத்த சிறுபொழுது, பொழுது சாயும் எற்பாடு. மூத்தோர் வெளிப்படுவதோ மருதத்துக்கு உரிய வைகறையில். நிலம் ஒன்றும் பொழுது மற்றொன்றுமாகக் கலப்பது திணைமயக்கம். தண்ணீர் லாரிகள் பெருகுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதே மயக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் லாரி ஓடாத நாளிலும் பொழுது மாறுவதில்லை. சென்னையில் சூரியன் மே இறுதியில் 5.40 மணியை ஒட்டியும் ஜனவரி இறுதியில் 6.35 மணியை ஒட்டியும் உதிக்கிறது. மூத்தோர் ஆண்டு முழுவதும் நாலரைக்கே எழுகிறார்கள். அலாரத்துக்கு இதில் பங்கில்லை. அறுபதைத் தாண்டிய உடல் அந்த நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிவிடும். திரும்பப் படுத்தால் தூக்கம் வராது.

சாலை சமதளம். ஏற்றம் என்று சொல்லத்தக்கது முட்டுக்காட்டுப் பாலம் ஒன்றுதான். மலை செய்ய வேண்டிய வேலையைக் காற்று செய்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே போகும்போது அது முதுகைத் தள்ளும். திரும்பும்போது மார்பைத் தள்ளும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. அதை வெல்லச் செலவாகும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க விரும்புகிறவர் காற்றோடு மட்டும் எட்டு மடங்கு போராட வேண்டும். இந்த இயற்பியல் முழுவதும் மூத்தோர் வழக்கில் "போகும்போது நல்லா இருந்துச்சு சார்" என்ற ஒரே தொடரில் அடங்கும்.

3. கருப்பொருள்: ஓடுறுப்பும் நிற்புறுப்பும்

சைக்கிளின் பாகங்கள் இரு வகைப்படும். வண்டி ஓட உதவுவது ஓடுறுப்பு. வண்டி நிற்கவும், நின்றபின் வசதியாக இருக்கவும் உதவுவது நிற்புறுப்பு. கடையிலிருந்து வரும் நாளில் மூத்தோரின் வண்டி முழுக்க ஓடுறுப்புகளால் ஆனது. அடுத்த ஓராண்டில் நிற்புறுப்புகள் ஒவ்வொன்றாகக் குடியேறும்.

சட்டம். இந்தத் தலைமுறை சைக்கிள் கற்றது மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரிய வண்டியில். சீட்டுக்குக் கால் எட்டாததால் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்கு பெடல் அடித்தார்கள். அன்று பாரைத் தாண்ட உயரம் போதவில்லை. இன்று இடுப்பு வளையவில்லை. தாழ்ந்த சட்டம் உள்ள வண்டியே இதற்குச் சரியான தீர்வு. அதற்கு 'லேடீஸ் சைக்கிள்' என்று பெயர் இருந்த காலம்வரை எந்த ஆண் மூத்தோரும் அதைத் தொடவில்லை. கடைக்காரர்கள் அதையே 'சிட்டி பைக்' என்று சொல்லத் தொடங்கியபின் தயக்கம் சற்றுத் தளர்ந்திருக்கிறது.

கியர். வயதையும் கியரையும் முதலில் இணைத்தவர் மூத்தோர் அல்லர். 1903-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச், அதற்கு முந்தைய ஆண்டே மாற்றுக் கியர் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே ஏற்றது என்று எழுதினார். அவருடைய பந்தயத்தில், சங்கிலியை இடம்மாற்றும் டீரெய்லர் கியர் 1937-இல்தான் அனுமதி பெற்றது. 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய போல் டி விவி எதிரணியில் நின்று மாற்றுக் கியருக்காக வாதாடினார். ஆக, உலகின் கடினமான பந்தயத்துக்கே மறுக்கப்பட்ட ஒரு கருவியில் மூத்தோருக்கு அதற்கு முன்பே அதிகாரபூர்வ உரிமை இருந்தது.

அந்த உரிமை முழு அளவில் பயன்படுத்தப்படுகிறது. முன்னால் 48 பல், பின்னால் 18 பல் உள்ள பழைய வண்டியில் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும்; வேறு வழி கிடையாது. மூத்தோரின் புதிய வண்டியில் முன்னால் இரண்டு, பின்னால் பதினொன்று என 22 வழிகள் உள்ளன. இவற்றில் இருபத்தொன்று கடையில் சோதித்துப் பார்க்க. எஞ்சிய ஒன்றில் வண்டி ஆண்டு முழுவதும் ஓடும். முட்டுக்காட்டுப் பாலத்தில் மட்டும் இன்னொன்று தேடப்படும். கிடைப்பதற்குள் பாலம் முடிந்துவிடும்.

சீட்டு. சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் எடையை இடுப்பெலும்பின் இரண்டு அடிமுனைகள் தாங்க வேண்டும். மிக மெத்தென்ற சீட்டில் அவை அமிழ்ந்துவிட, எடை நடுவிலுள்ள மென்தசைமேல் விழும். அதனால் நெடுந்தொலைவுக்கு மெத்தையே பகை. இதை ஏற்றுக்கொள்ள மூத்தோருக்கு மூன்று சீட்டுகள் தேவைப்படுகின்றன. முதலாவது வண்டியோடு வந்த கத்தி முனைச் சீட்டு. இரண்டாவது ஜெல் மெத்தை. மூன்றாவது வெளிநாட்டிலிருந்து வரவழைத்த தோல் சீட்டு. இந்த மூன்றாவதற்கு நெருங்கிய உறவான ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டுதான் அப்பாவின் சைக்கிளில் இருந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ரெக்சின் சீட்டு மாட்டியவரும் இதே மூத்தோர்தான்.

ஹேண்டில்பார். வயது ஏற ஏற ஹேண்டில்பார் ஏறும். வளைந்த கொம்பில் தொடங்கி, நேரான பாருக்கு மாறி, அதன்கீழ் ஒரு வளையம் வைத்து உயர்த்தி, இறுதியில் முதுகு நிமிர்ந்த பழைய பால்காரர் அமர்வை வந்தடைவது வழக்கம். முழு வட்டமும் சுற்றி வர ஐந்தாறு வருடமும் மூன்று ஹேண்டில்பாரும் ஆகும்.

சக்கரம். புதிய வண்டியின் 700சி சக்கரம் பழைய 28 அங்குலத்தைவிடப் பெரியது என்பது மூத்தோரிடையே நிலவும் நம்பிக்கை. டயர் அமரும் விட்டம் புதியதில் 622 மில்லிமீட்டர். நம் ஊர்ப் பழைய 28-இல் 635. எண் பெரிதானது, வளையம் சிறிதானது. வால்டியூபும் மறைந்துவிட்டது. புதிய மெல்லிய வால்வுக்குத் தெருமுனைக் கடைப் பம்பு பொருந்தாததால், சின்னஞ்சிறு பித்தளை இணைப்புக் குப்பி ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும். அது பையில் இருக்கும் நாளில் பஞ்சர் ஆகாது.

பெடல். ஷூவோடு பூட்டிக்கொள்ளும் பெடலிலிருந்து கால் விடுபட, குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். ஓடும்போது இது எளிது. சிக்னலில் நின்றபின் நினைவுக்கு வந்தால் அரிது. இவ்வகைப் பெடலால் நேரும் வீழ்ச்சிகள் பெரும்பாலும் நின்ற நிலையிலேயே, ஆட்டோ ஓட்டுநர்கள் முன்னிலையிலேயே நிகழும். ஒரு வீழ்ச்சிக்குப் பின் பழைய தட்டைப் பெடல் திரும்பி வருகிறது. ஓடுறுப்பு ஒன்று தோற்று நிற்புறுப்புக்கு இடம்விடும் முதல் நிகழ்ச்சி இது.

ஸ்டாண்டு. நிற்புறுப்புகளில் தலையாயது. பந்தய வண்டிக்கு ஸ்டாண்டு கிடையாது. சுவரிலோ மரத்திலோ சாய்க்க வேண்டும். கார்பன் சட்டத்தில் ஸ்டாண்டை இறுக்கினால் குழாய் நசுங்கும் என்று கடைப் பையன் எச்சரிப்பான். இதைக் கேட்டபின் ஸ்டாண்டைக் கைவிடுபவர் இளையோர். கார்பனைக் கைவிட்டு அலுமினியம் வாங்குபவர் மூத்தோர். ஒருவர் எந்த வகை என்று ஐயம் வந்தால், வயதைக் கேட்பதைவிட இந்தச் சோதனை நம்பகமானது.

விளக்கு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஹெல்மெட்டில் ஒன்று. இதன் வேர் வரலாற்றில் இருக்கிறது. டைனமோ எரியாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்ட காலத்தில் வளர்ந்தவர்கள் இவர்கள். அந்தப் போலீஸ்காரர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் விளக்குகள் கூடிக்கொண்டே போகின்றன.

ஆடை. பஞ்சு வைத்த இறுக்கமான அரைக்கால் சட்டையின் பயன் ஐயத்துக்கு இடமற்றது. அதை அணிந்து மளிகைக் கடையில் நிற்பதுதான் சிக்கல். ஆகவே அதன்மேல் தொளதொளத்த இன்னொரு டிரவுசர் போடப்படுகிறது. உள்ளாடை ஓடுறுப்பு, மேலாடை நிற்புறுப்பு.

பை. தண்ணீர், மாற்று ட்யூப், சிறு பம்பு, மூக்குக் கண்ணாடி, சர்க்கரை மிட்டாய், ரத்த அழுத்த மாத்திரை, மூட்டுவலித் தைலம், பால் பாக்கெட் வாங்கி வரத் துணிப்பை. கடைசிப் பொருளால் பயணத்துக்குத் தேவை ஏற்பட்டு வரையறை ஆட்டம் காண்கிறது. பால் வாங்க மறந்துவிடுவதே பெருவழக்கு என்பதால் வரையறை காப்பாற்றப்படுகிறது.

எடை மீள்விதி. நம் ஊர்ப் பழைய சைக்கிள் ஏறத்தாழ 20 கிலோ. அதில் பாதி எடையே உள்ளது என்பதற்காகப் புதியது வாங்கப்படுகிறது. ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, பூட்டு, சங்கிலி, கண்ணாடி, மணி, விளக்குகள், பை ஆகியவை சேரச் சேர, வண்டி படிப்படியாகத் தன் முன்னோரின் எடையை நோக்கித் திரும்புகிறது.

4. உரிப்பொருள்

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். மூத்தோரிடம் இது மூட்டைப் பற்றியது. சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்கால் முன்புறம் வலிக்கும் என்பது தெரிந்த உண்மை. தெரிந்தும் சீட்டை ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் நிற்கும்போது கால் தரையில் முழுதாகப் பதியாது. வலியோடு ஓடி வசதியாக நிற்பது என்பது யோசித்து எடுத்த முடிவு.

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். இது விலையைப் பற்றியது. மூத்தோரின் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விலை உண்டு: பில்லில் உள்ளது, நண்பர்களிடம் சொல்வது, வீட்டில் சொல்வது. "இதுக்கு எவ்வளவு குடுத்தீங்க?" என்ற வினாவுக்குப் "பையன் அங்கேருந்து அனுப்பினது" என்பது மரபான விடை. பையன் அதே வாரம் வீடியோ அழைப்பில் வரும்வரை இது செல்லும்.

முல்லையின் இருத்தலும் இங்கு உண்டு. டிபன் கடையில் மேசை காலியாகும்வரை ஆற்றியிருப்பது அது. பயணத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது சாலையோ உடல்வலிமையோ அல்ல, பொங்கல் தீராத கடை இருக்கும் தொலைவே.

இவை மூன்றும் பிற திணைகளிலிருந்து வந்தவை. இத்திணைக்கே உரியது நிற்றல். இதற்கான வலுவான சான்று கைப்பேசிச் செயலியில் இருக்கிறது. சைக்கிள் பயணத்தைப் பதியும் ஸ்ட்ராவா போன்ற செயலிகள் இரண்டு நேரங்களைத் தனித்தனியே காட்டும்: சக்கரம் நகர்ந்த நேரம், மொத்தம் கழிந்த நேரம். மூத்தோர் பிறருக்குக் காட்டுவது முதலாவதை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் காலையின் சாரம் முழுவதும் இருக்கிறது: பாலத்தில் நின்று நீரைப் பார்த்தது, பஞ்சர் ஆன ஒருவருக்கு நால்வர் யோசனை சொன்னது, ஒரே சட்னி பற்றிய இருவேறு கருத்துகள், மருத்துவப் பரிசோதனை முடிவுகளின் ஒப்பீடு. பணியில் இருந்தவரை நிற்க நேரமில்லாமல் ஓடியவர்கள் இவர்கள். வெறுமனே தெருவில் நின்றால் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். பக்கத்தில் சைக்கிள் இருந்தால் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத் தடுக்கக் கொடுக்கும் விலையாகப் பார்த்தால், பில்லில் உள்ள தொகை அதிகமில்லை.

5. புறனடை

அ. நெடுந்தொலைவு பிரெவே ஓட்டுவோர். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய இப்பயணத்தில் நிற்கும் நேரமும் கணக்கில் சேரும். உச்ச வயது வரம்பு இல்லாததால் மூத்தோரும் கலந்துகொள்கிறார்கள். கலந்துகொள்ளும் நாளில் அவர்கள் இத்திணையிலிருந்து விலக்குப் பெறுவர்.

ஆ. ரோபேர் மார்ஷான். 1911-இல் பிறந்த இந்தப் பிரெஞ்சுக்காரர் நூறு வயதில், 2012-இல், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். 2014-இல் அதே ஒரு மணியில் 26.927 கிலோமீட்டர். வயது ஏற ஏற வேகம் குறையும் என்ற விதியை இது முறிக்கிறது. மூத்தோர் இவரை மேற்கோள் காட்டுவர், பின்பற்றுவதில்லை.

இ. பெண்கள். ஓய்வுக்குப் பின் சைக்கிள் ஓட்டும் பெண்களின் வண்டிகளில் நிற்புறுப்புகள் குறைவு. ஏழு மணிக்குள் வீட்டில் அடுப்பு பற்றவைக்க வேண்டியவர் வழியில் நிற்பதில்லை. வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க வேறொருவர் பழகிக்கொண்ட இடங்களில் இவர்களுடைய வண்டிகளிலும் ஸ்டாண்டு முளைக்கிறது.

ஈ. மின்சார உதவி. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள மின்சைக்கிளுக்குப் பதிவு தேவையில்லை என்பது நாட்டின் சட்டம். மூத்தோர் குழுவின் சட்டம் வேறு: அது சைக்கிளே இல்லை. குழுவில் ஒருவர் அதை வாங்கும்வரை இவ்விதி செல்லும். வாங்கியபின், எதிர்க்காற்றுக்கு மட்டும் அனுமதி என்று திருத்தப்படும்.

உ. இங்குக் கூறாதன வழக்கு நோக்கிக் கொள்க.